அறுவைசிகிச்சை அறிவியலானது எப்படி? ஜான் ஹண்டரை முன்வைத்துச் சில கேள்விகள்

மருத்துவ வரலாறு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களின் நடுவில் இருப்பவர் 18ஆம் நூற்றாண்டு லண்டனில் வாழ்ந்த ஜான் ஹண்டர். அவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. ஆனாலும் பிணத்தை அறுத்துப் பெற்ற அறிவு உயிருள்ள நோயாளியின் காலைக் காப்பாற்றியது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஹண்டருக்கு முன்னால் அறுவைசிகிச்சை செய்தவர்கள் யார்?

இங்கிலாந்தில் சர்ஜனும் நாவிதரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். 1540இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் இரு தொழில்களையும் சேர்த்து ஒரே சங்கமாக்கினார்கள். 1745இல்தான் சர்ஜன்கள் பிரிந்து தனிச் சங்கம் கண்டார்கள். பல்கலைக்கழகத்தில் லத்தீன் படித்துப் பட்டம் வாங்கிய வைத்தியர் நாடி பார்ப்பார், மருந்து எழுதித் தருவார். கத்தியைத் தொட மாட்டார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சீழ்க்கட்டியைக் கீறுவது, பல் பிடுங்குவது, கை காலை வெட்டி எடுப்பது எல்லாம் சர்ஜன் வேலை. அதை ஒரு மூத்தவரிடம் சில ஆண்டுகள் எடுபிடியாக இருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

அவர்களில் கைத்திறமை உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வில்லியம் செசெல்டன் சிறுநீர்ப்பைக் கல்லை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுவாராம். எந்த வழியாகப் போனால் எதெல்லாம் வெட்டுப்படும் என்று பிணங்களில் அறுத்துப் பார்த்து, பக்கவாட்டில் போகும் வழியைச் செம்மைப்படுத்தியவர் அவர். அவரிடம் இறந்தவர்கள் பத்துக்கு ஒருவருக்கும் குறைவு. அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத கணக்கு. இளம் ஹண்டர் ஆபரேஷன் கற்றது முதலில் இந்த செசெல்டனிடம்தான், அப்புறம் பெர்சிவல் பாட் என்ற சர்ஜனிடம்.

வெசாலியஸ் 1543லேயே உடற்கூறியலைச் சரிசெய்துவிட்டாரே? அப்புறம் ஏன் 200 ஆண்டுகள் தாமதம்?

நல்ல கேள்வி. கேலன் என்ற பழைய கிரேக்க வைத்தியர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து எழுதியதை ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனித உடல் என்று நம்பிப் படித்தது. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று அவர் எழுதியிருந்தார். பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வெசாலியஸ் தன் கையாலேயே அறுத்துப் பார்த்து, அது ஒரே எலும்பு என்று காட்டினார். இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட பிழைகளைத் திருத்தினார்.

ஆனால் எலும்பும் தசையும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்வது வேறு. காயம் பட்டால் உடல் என்ன செய்கிறது, ஒரு ரத்தக்குழாயை அடைத்தால் அதற்குக் கீழே உள்ள பகுதி பிழைக்குமா சாகுமா என்று தெரிந்துகொள்வது வேறு. முதலாவது வரைபடம். அது கைக்கு வந்த பிறகும், இரண்டாவதைக் கேட்டுப் பழக நெடுங்காலம் ஆயிற்று. ஹண்டர் கேட்டது இந்த இரண்டாவது வகைக் கேள்விகளை. என் பார்வையில் அறுவைசிகிச்சை அறிவியலானது அந்தக் கேள்விகளால்தான்.

நம் சுஸ்ருதர் இதையெல்லாம் முன்பே செய்துவிட்டாரே?

பிணத்தைப் படிக்காதவன் அறுவைசிகிச்சை செய்யக் கூடாது என்ற எண்ணம் சுஸ்ருத சம்ஹிதையில் தெளிவாகவே இருக்கிறது. அதில் ஒரு முறையும் சொல்லியிருக்கிறார்கள். சடலத்தைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, மெதுவாக ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறப்போட வேண்டும். பிறகு வெட்டிவேர், மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் தேய்த்துத் தேய்த்துத் தோல் முதல் ஒவ்வோர் அடுக்காகப் பார்க்க வேண்டும். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஊறி மென்மையான உடலில் மெல்லிய நரம்புகளையும் ரத்தக்குழாய்களையும் பின்தொடர்ந்து போவது கடினம். பிற்காலத்தில் அந்தப் பழக்கமும் தொடராமல் நின்றுவிட்டது.

ஆபரேஷன் கலை மட்டும் கைவழியாகத் தொடர்ந்தது. திப்பு சுல்தானுடன் நடந்த போரில் பிடிபட்டு மூக்கறுபட்ட ஒரு மாட்டுவண்டிக்காரருக்கு, புனே பக்கத்தில் நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்தார்கள். அந்தச் செய்தி 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன், பல ஆண்டுகள் பிணங்களில் பழகிப் பார்த்துவிட்டு, 1814இல் லண்டனில் அதே ஆபரேஷனைச் செய்தார். வழிமுறை இந்தியாவிலிருந்து போனது. பிணத்தில் ஒத்திகை பார்க்கும் வழக்கம் ஹண்டர் சகோதரர்களின் லண்டன் கொடுத்தது.

ஜான் ஹண்டர் எப்படி இந்தத் துறைக்கு வந்தார்?

ஸ்காட்லாந்தில் கிழக்கு கில்பிரைடுக்கு அருகில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் 1728இல் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. படிப்பு ஏறவில்லை, 13 வயதில் பள்ளியை விட்டாயிற்று. கொஞ்ச காலம் கிளாஸ்கோவில் மரச்சாமான் செய்யும் அக்காள் கணவரிடம் இருந்தார். அவருக்குப் பத்து வயது மூத்த அண்ணன் வில்லியம் ஹண்டர் லண்டனில் பெயர்பெற்ற மருத்துவர். 1746இல் கோவென்ட் கார்டனில் ஓர் உடற்கூறியல் பள்ளி தொடங்கியிருந்தார். 1748இல் ஜான் அங்கே உதவியாளராகப் போய்ச் சேர்ந்தார். சோதித்துப் பார்க்க அண்ணன் ஒரு கையைக் கொடுத்துத் தசைகளைப் பிரித்தெடுக்கச் சொன்னார். அவர் பிரித்த நேர்த்தியைப் பார்த்து அப்படியே வைத்துக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் புதிதாக என்ன இருந்தது?

அதுவரை லண்டனில் ஆசிரியர் ஓர் உடலை அறுத்துக் காட்டுவார், மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். வில்லியம் ஹண்டர் பாரிஸ் முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாணவனும் தன் கையாலேயே அறுத்துப் படிக்க வேண்டும். விளம்பரத்திலேயே அப்படித்தான் போட்டார். இன்று நம் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் டிசெக்‌ஷன் மேசையைச் சுற்றி நிற்கிறார்களே, அந்த வழக்கம் பரவியதில் இந்தப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு.

பாடம் நடந்தது குளிர்காலத்தில் மட்டும். உடல் கெடாமல் வைத்திருக்க வேறு வழியில்லை. மேசையில் கிடப்பவருடைய தமனியில் சிறு துளையிட்டு, உருக்கிய மெழுகைச் சிவப்பு நிறம் கலந்து பீய்ச்சுக்குழாயால் ஏற்றுவார்கள். மெழுகு சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் உறைந்துவிடும். அழுத்தம் கூடினால் குழாய் வெடித்துவிடும். சரியாக ஏறினால், தலைமயிரைவிடச் சிறிய கிளைகள்கூடச் சிவப்பாகத் தெரியும். எந்தத் தமனி எங்கே பிரிகிறது, பிரிந்த கிளை கீழே போய் எந்தக் கிளையோடு சேர்கிறது என்று விரலால் தொட்டுப் பின்தொடரலாம். ஜான் இதில் பல குளிர்காலங்களைக் கழித்தார். கருப்பையில் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று சகோதரர்கள் நிறுவியதும் இந்த மெழுகு முறையால்தான். அதைக் கண்டுபிடித்தது யார் என்பதில் 1780இல் இருவருக்கும் பகை மூண்டு, ஒட்டாமலே போனது.

அத்தனை உடல்கள் எங்கிருந்து கிடைத்தன?

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத பகுதி இதுதான். சட்டப்படி கிடைத்தவை தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள் மட்டும். 1752இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கொலைகாரனை அறுக்கக் கொடுப்பதைத் தண்டனையின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. அப்படியும் போதவில்லை. மாணவனுக்கு ஓர் உடல் என்றால் தூக்குமேடையை நம்பி இருக்க முடியாது.

ஆகவே கல்லறைத் திருட்டு நடந்தது. புதிதாகப் புதைத்த குழியைத் தலைப்பக்கம் மட்டும் தோண்டி, பெட்டி மூடியை உடைத்து, கயிறு போட்டு உடலை வெளியே இழுப்பார்கள். போர்த்தியிருந்த துணியைத் திரும்பக் குழிக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். காரணம், பிணம் அன்றைய சட்டப்படி யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் துணி சொத்து, அதை எடுத்தால் பெரிய திருட்டுக் குற்றம். அண்ணன் பள்ளிக்கு உடல்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஜானிடம்தான் இருந்தது. வசதி உள்ளவர்கள் ஈயப் பெட்டியிலும் பூட்டிய கல்லறையிலும் புதைத்துத் தப்பித்தார்கள். மேசைக்கு வந்தவர்கள் ஏழைகள். அவர்களில் யாரும் சம்மதம் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அறுவைசிகிச்சையின் ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் பின்னால் அந்தப் பெயர் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஹண்டரை எவ்வளவு மதித்தாலும் இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வராது.

1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றது வெளியானது. அதன் பிறகுதான் 1832இல் புதுச் சட்டம் வந்தது. அதுவும் யாரும் உரிமை கோராத, ஏழைகள் விடுதியில் இறந்தவர்களின் உடல்களைக் கொடுக்கச் சொன்னது. அதாவது, மறுபடியும் ஏழைகள்தான்.

போர்க்களத்தில் அவர் என்ன கற்றார்?

1761இல் பிரெஞ்சுக் கரையோரம் உள்ள பெல் இல் தீவை ஆங்கிலப் படை தாக்கியபோது ஹண்டர் ராணுவ சர்ஜன். குண்டு பட்ட காயத்தைக் கத்தியால் அகலப்படுத்தி, உள்ளே கிடப்பதைத் தோண்டி எடுப்பது அன்றைய வழக்கம். காயம்பட்ட சில பிரெஞ்சு வீரர்கள் ஒரு பண்ணை வீட்டில் சில நாள் ஒளிந்திருந்தார்கள். யாரும் அவர்களுக்கு எதுவும் செய்யவில்லை. பிடிபட்டபோது பார்த்தால், சர்ஜன்கள் கிளறிவிட்ட காயங்களைவிட அவர்களுடைய காயங்கள் நன்றாக ஆறியிருந்தன. அவசியமில்லாமல் கத்தி வைக்கக் கூடாது என்ற முடிவுக்கு ஹண்டர் வந்தார். ரத்தம், அழற்சி, குண்டுக்காயம் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1794இல் வெளிவந்தது.

1785ஆம் ஆண்டு ஆபரேஷன் என்கிறார்களே, அது என்ன?

முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில் ஓடும் தமனி சிலருக்குப் பை போல வீங்கிவிடும். துடிக்கும், வலிக்கும், நாளுக்கு நாள் பெருக்கும், ஒருநாள் வெடிக்கும். வெடித்தால் உயிர் போய்விடும். குதிரை வண்டி ஓட்டுபவர்களுக்கு இது அதிகமாக வந்தது. உயரமான பூட்ஸின் விளிம்பு அந்த இடத்தில் உராய்வதுதான் காரணம் என்று அப்போது நினைத்தார்கள்.

சர்ஜன்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. பையைத் திறந்து, அங்கேயே தமனியை மேலும் கீழும் கட்டுவது ஒன்று. ஆனால் பைக்கு அருகில் தமனியின் சுவரே நோயுற்றிருக்கும், கட்டிய நூல் அறுத்துக்கொண்டு போய்விடும், ரத்தம் பீறிட்டு நோயாளி இறந்துவிடுவார். இன்னொன்று, தொடையோடு காலை வெட்டி எடுப்பது. பெர்சிவல் பாட் போன்ற பெரியவரே வெட்டுவதுதான் நல்லது என்றார்.

ஹண்டர் படிப்படியாக யோசித்தார். சுவர் பலவீனமானால் மட்டும் தமனி வீங்குமா? ஒரு நாயின் தமனிச் சுவரை மெலிதாகும்வரை உரித்துவிட்டுக் காயத்தை மூடினார். சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தால் வீக்கம் இல்லை, சுவர் தடித்து ஆறியிருந்தது. அப்படியானால் அங்கே இருப்பது வெறும் பலவீனம் இல்லை, நோய். நோயுள்ள இடத்தில் கட்டினால் நிற்காது. மேலே, ஆரோக்கியமான இடத்தில் கட்ட வேண்டும். சரி, பெரிய தமனியையே கட்டிவிட்டால் கால் அழுகிவிடாதா? இங்கேதான் அந்தச் சிவப்பு மெழுகு கைகொடுத்தது. தொடையின் ஆழத்தில் போகும் கிளைகளும் முழங்காலைச் சுற்றியுள்ள சிறு கிளைகளும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை அவர் எத்தனையோ கால்களில் பார்த்திருந்தார். பெரிய பாதை அடைபட்டால் சிறு பாதைகள் விரிந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் என்று கணித்தார்.

ரிச்மண்ட் பூங்காவில் ஒரு கலைமானின் கழுத்துத் தமனியைக் கட்டி, கொம்பு முதலில் குளிர்ந்து சில நாளில் மீண்டும் சூடானதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் சொல்லப்பட்டது, அதனால் அதன்மேல் நான் அதிக பாரம் ஏற்ற மாட்டேன்.

1785 டிசம்பரில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கு 45 வயது வண்டிக்காரர் ஒருவர் வந்தார். மூன்று ஆண்டுகளாக வீக்கம். ஹண்டர் முழங்காலைத் தொடவே இல்லை. தொடையின் உட்பக்கம், நடுப்பகுதியில் கீறி, தசைக்கு அடியில் ஓடும் தமனியைக் கண்டுபிடித்து நான்கு இடங்களில் கட்டினார். கால் சூடாகவே இருந்தது. வீக்கம் சுருங்கியது. சில வாரங்களில் அவர் வீடு திரும்பி, மறுபடி வண்டி ஓட்டினார்.

1787இல் அந்த வண்டிக்காரர் காய்ச்சலில் இறந்தபோது, ஹண்டர் பணம் செலவழித்து அந்தக் காலை வாங்கி அறுத்துப் பார்த்தார். தன் கணிப்பு சரியா என்று தெரிய வேண்டுமே. கட்டிய இடம் மூடிக்கிடந்தது, பை சிறுத்துக் கெட்டியாகியிருந்தது. பின்னர் இதே முறையில் ஆபரேஷன் செய்துகொண்ட நான்காவது நோயாளி ஏறக்குறைய 50 ஆண்டுகள் வாழ்ந்தார். தொடையில் அந்தத் தமனி ஓடும் பாதையை இன்றும் மருத்துவ மாணவர்கள் ‘ஹண்டர் கால்வாய்’ என்றும் படிக்கிறார்கள்.

பைக்குச் சற்று மேலே தமனியைக் கட்டும் யோசனை பிரெஞ்சுக்காரர் அனெலுக்கு 1710லேயே வந்திருந்தது. எவ்வளவு மேலே, ஏன் அங்கே என்ற காரணத்தைச் சோதித்து, செய்து, பிறகு அறுத்தும் சரிபார்த்ததுதான் ஹண்டரின் பங்கு.

மயக்க மருந்து இல்லாமலா இதெல்லாம்?

ஆமாம். ஈதர் மயக்கத்தில் ஆபரேஷன் செய்து உலகத்துக்குக் காட்டியது 1846இல், பாஸ்டனில். கார்பாலிக் அமிலத்தால் கிருமியைத் தடுக்கும் முறையை லிஸ்டர் என்ற சர்ஜன் வெளியிட்டது 1867இல். ஹண்டர் காலத்தில் ஒயினோ அபினோ கொடுப்பார்கள், ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் அவரே ஆபரேஷனைக் கடைசி வழியாகப் பார்த்தார்.

அவர் சறுக்கிய இடம் உண்டா?

உண்டு, பெரிய சறுக்கல். மேகவெட்டை (கொனோரியா) நோயும் கிரந்தி (சிபிலிஸ்) நோயும் ஒரே விஷத்தின் இரண்டு தோற்றங்கள் என்று 1786இல் எழுதினார். 1767இல் செய்த ஒரு பரிசோதனை அதற்கு ஆதாரம். மேகவெட்டைச் சீழைச் செலுத்திப் பார்த்ததில் கிரந்தியின் அறிகுறிகளும் வந்தன. சீழ் எடுக்கப்பட்டவருக்கு இரண்டு நோயும் இருந்திருக்க வேண்டும். தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டாரா, வேறொருவர் உடம்பிலா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை. அவருடைய பெயருக்கு இருந்த மதிப்பால், பிரான்சில் ரிக்கோர் என்ற மருத்துவர் 1838இல் இரண்டையும் பிரித்துக் காட்டும்வரை, ஐம்பது ஆண்டுகள் அந்தத் தவறு நிலைத்தது. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கிடைக்காது.

இதற்கு நேர்மாறாக, 1781இல் ஒரு விஷக் கொலை வழக்கில் சாட்சி சொன்னபோது அவர் காட்டிய நிதானத்தையும் சொல்ல வேண்டும். எத்தனை உடல்களை அறுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சில ஆயிரம் என்றார். இவர் விஷத்தால்தான் இறந்தாரா என்று கேட்டதற்கு, பார்த்த அடையாளங்களை வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நீதிபதிக்குப் பிடிக்கவில்லை. குற்றம்சாட்டப்பட்டவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

மாணவர்களுக்கு அவர் விட்டுச்சென்றது என்ன?

அம்மை குத்தும் முறையைக் கொடுத்த எட்வர்ட் ஜென்னர் அவர் வீட்டிலேயே தங்கிப் படித்தவர். முள்ளெலி பற்றி ஜென்னர் ஏதோ ஊகம் எழுதி அனுப்ப, 1775இல் ஹண்டர் பதில் எழுதினார். உன் ஊகம் சரிதான், ஆனால் யோசித்துக்கொண்டிருப்பானேன், சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே என்பது அதன் சாரம். ஆஸ்ட்லி கூப்பர், ஜான் அபர்நெத்தி, அமெரிக்காவின் பிலிப் சிங் ஃபிசிக் ஆகியோரும் அவருடைய மாணவர்கள். கூப்பர் 1817இல் வயிற்றின் பெருந்தமனியையே கட்டிப் பார்த்தார். நோயாளி பிழைக்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது.

அவருடைய சேகரிப்பு என்ன ஆனது?

1793 அக்டோபர் 16 அன்று மருத்துவமனைக் கூட்டத்தில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். மனிதர், திமிங்கலம், பல்லி, தேனீ என்று ஏறக்குறைய 14,000 மாதிரிகளைப் பாடம் செய்து வைத்திருந்தார். கையில் காசு மிச்சமில்லை. வில்லியம் கிளிஃப்ட் என்ற இளம் உதவியாளர் சொற்பச் சம்பளத்தில் ஆறு ஆண்டுகள் அத்தனையையும் காவல் காத்தார். 1799இல் அரசு 15,000 பவுண்டுக்கு வாங்கிச் சர்ஜன்கள் சங்கத்திடம் ஒப்படைத்தது.

கையெழுத்துப் பிரதிகளின் கதி வேறு. ஹண்டரின் மைத்துனர் எவரார்ட் ஹோம் அவற்றை எடுத்துப்போய், பல ஆண்டுகள் தன் பெயரில் கட்டுரைகள் வெளியிட்டார். 1823இல் எல்லாவற்றையும் எரித்துவிட்டார். கிளிஃப்ட் முன்கூட்டியே ஒரு பகுதியைக் கையால் நகலெடுத்து வைத்திருந்தார், அது மட்டும் நமக்கு மிஞ்சியது. மாதிரிகளில் பெரும்பகுதி 1941 குண்டுவீச்சில் அழிந்தது. மிச்சத்தை லண்டன் ராயல் சர்ஜன்கள் கல்லூரியின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அங்கே இருந்த ‘ஐரிஷ் ராட்சதன்’ எலும்புக்கூடு ஏன் இப்போது இல்லை?

சார்லஸ் பைர்ன், ஏழரை அடிக்கு மேல் உயரம், 1783இல் 22 வயதில் இறந்தவர். சர்ஜன்கள் தன்னை விடமாட்டார்கள் என்று பயந்து, ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிடும்படி நண்பர்களிடம் சொல்லியிருந்தார். ஹண்டர் பணம் கொடுத்து உடலைக் கைப்பற்றினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த எலும்புக்கூடு கண்ணாடிப் பெட்டியில் நின்றது. 2023இல் அருங்காட்சியகம் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது அதைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆராய்ச்சிக்கென்று வைத்திருக்கிறார்கள். எடுத்தது சரி என்பதே என் கருத்து. அவர் கேட்டபடி கடலில் சேர்த்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

உடற்கூறியலையும் அறுவைசிகிச்சையையும் தமிழில் யாராவது கற்பித்தார்களா?

யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1847இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு முழுக்கத் தமிழிலேயே. மாணவர்களின் துணையோடு அவர் மொழிபெயர்த்து அச்சிட்ட நூல்களில் ‘இரணவைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வந்தன. முன்னது அறுவைசிகிச்சை, பின்னது உடற்கூறியல். ஹண்டரின் ஆபரேஷன் நடந்து நூறு ஆண்டுகள் ஆவதற்குள், தமனியின் கிளைகளைத் தமிழிலேயே படித்து மருத்துவரானவர்கள் இருந்திருக்கிறார்கள்.